இணையத்தில் இலவசச் சான்றிதழ்கள்: விலையும் நம்பிக்கையும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இணையத்தளமொன்றை அடையும் ஒருவர், தாம் அடைந்தது தாம் நாடிய தளமேதானா என்பதை எவ்வாறு அறிவார்? வங்கிக் கணக்கின் இரகசியச் சொல்லையோ, தம் நோய் பற்றிய விபரத்தையோ எழுதி அனுப்புமுன் எழவேண்டிய இவ்வினாவிற்கு, 1990களின் நடுப்பகுதி தொட்டு அளிக்கப்பட்டுவரும் விடை சான்றிதழ் என்பதாகும். இன்ன பெயருடைய தளத்திற்கு உரியது இன்ன திறவுகோல் என்று மூன்றாந் தரப்பு நிறுவனமொன்று கையொப்பமிட்டு வழங்கும் சிறிய இலத்திரனியல் ஆவணமே இச்சான்றிதழ். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இது பெரும்பாலும் விலைகொடுத்துப் பெறும் பண்டமாக இருந்தது. 2015ஆம் ஆண்டின் பின்னர் எவரும் இலவசமாகப் பெறக்கூடியதாயிற்று. இம்மாற்றத்தைத் தொழினுட்ப வளர்ச்சியின் இயல்பான விளைவெனக் கருதுவோர் பலர். ஆயின், இலவசச் சான்றிதழ்கள் 2015க்கு முன்னரும் இருந்தன, அவை நிலைபெறவில்லை. முன்னையவை தோற்றமைக்கும் பின்னையது வென்றமைக்கும் காரணங்கள் யாவை என்பதையும், இச்சேவையை அளித்த நிறுவனங்கள் தம்முள் எவ்வகையில் வேறுபட்டன என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சான்றிதழின் தோற்றம்

1976ஆம் ஆண்டு விற்பீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் பொதுத் திறவுகோல் முறையை உலகறியச் செய்தனர். பழைய மறைகுறி முறைகளில், செய்தி அனுப்புவோரும் பெறுவோரும் ஒரே திறவுகோலை முன்கூட்டியே இரகசியமாகப் பகிர்ந்திருத்தல் வேண்டும். புதிய முறையிலோ ஒருவருக்கு இரு திறவுகோல்கள் உள. ஒன்றை அவர் ஊரறிய வெளியிடலாம். மற்றையதைத் தம்மிடமே மறைத்து வைத்திருப்பார். முன்பின் கண்டறியாத இருவர் இரகசியமாக உரையாடுதற்கு இது வழிவகுத்தது. எனினும் இம்முறை புதியதொரு சிக்கலையும் உடன் கொணர்ந்தது. வெளியிடப்பட்ட திறவுகோல் உரியவருடையதுதானா, அல்லது இடையில் நின்று ஏமாற்றுபவனுடையதா என்பதை எங்ஙனம் துணிவது?

பெயர்களையும் திறவுகோல்களையும் கொண்ட பொதுப் பட்டியலொன்றை வைத்திருத்தல் முதலிற் கூறப்பட்ட தீர்வாகும். ஒவ்வோர் உரையாடலின்போதும் அப்பட்டியலை நாடவேண்டியிருத்தல் நடைமுறைக்கு ஒவ்வாதது. 1978இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் மாணவர் லோரன் கோன்ஃபெல்டர் தமது இளமாணிப் பட்ட ஆய்வேட்டில் இதற்கு மாற்று வழியொன்றைக் கூறினார். பட்டியலிலுள்ள ஒவ்வொரு பதிவையும் தனித்தனியே எடுத்து, நம்பத்தக்க அதிகாரியொருவர் அதிற் கையொப்பமிட்டு விடுவாராயின், உரியவர் அதனைத் தம்முடனேயே கொண்டு திரியலாம்; பட்டியலைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. இன்று வழங்கும் சான்றிதழின் கரு இதுவேயாகும். 1988இல் எக்ஸ்.509 என்ற அனைத்துலக நியமம் இதற்கு வடிவம் கொடுத்தது. 1995இல் நெற்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியில் எஸ்எஸ்எல் என்னும் காப்பு நெறிமுறையைப் புகுத்தியபோது, ஆய்வேட்டின் கருத்து வாணிபத் துறையிற் காலடி வைத்தது.

2. விலையின் காரணம்

1995இல் வெரிசைன் நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவிலும், தோட் நிறுவனம் தென்னாபிரிக்காவிலும் தோன்றின. சான்றிதழொன்றிற்கு ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான டொலர் அறவிடப்படுவது அக்காலத்திற் பொதுவழக்காயிருந்தது. இத்தொழில் ஈட்டித் தந்த செல்வத்தை உணர்தற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1999 டிசெம்பரில் தோட் நிறுவனத்தை வெரிசைன் கொள்வனவு செய்ய உடன்பட்ட விலை ஏறத்தாழ 575 மில்லியன் டொலராகும்.

சான்றிதழொன்றிற் கையொப்பமிடுதற்குக் கணினிக்கு வேண்டியது ஒரு கணப்பொழுதே. அவ்வாறாயின், வாடிக்கையாளர் எதற்கு விலை கொடுத்தனர்? விண்ணப்பதாரரின் ஆவணங்களைச் சரிபார்க்கும் ஊழியரின் கூலி அதில் ஒரு பகுதி. மற்றைய பகுதியே கருதத்தக்கது. ஒவ்வோர் உலாவியும் இயங்கு முறைமையும் தான் நம்பும் நிறுவனங்களின் பட்டியலொன்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது. அப்பட்டியலில் வேர்ச் சான்றிதழ் இடம்பெற்ற நிறுவனத்தின் கையொப்பத்தை மட்டுமே உலாவி ஏற்கும். பிறர் இட்ட கையொப்பத்தைக் கண்டால் எச்சரிக்கை எழுப்பும். பட்டியலில் இடம்பெறுவதற்குக் கணக்காய்வும், காவலமைந்த கட்டடமும், பல்லாண்டுக் காத்திருப்பும் வேண்டும். இடம்பெற்ற பின்னரும், பழைய கருவிகளிலெல்லாம் அவ்வேர் சென்றடையும்வரை மேலும் பல்லாண்டு கழியும். எனவே, விற்கப்பட்டது கையொப்பம் என்பதைவிட அப்பட்டியலில் உள்ள இருக்கையின் பயன் என்பதே பொருந்தும்.

இவ்வமைப்பின் விளைவுகள் இரண்டு. முதலாவதாக, வங்கிகளும் பெருவணிகரும் காப்புப் பெற, சிறு சங்கங்கள், நூலகங்கள், தனியார் பக்கங்கள் ஆகியன திறந்த அஞ்சலட்டைபோல் எவரும் படிக்கக்கூடிய நிலையில் எஞ்சின. 2010இல் வெளியான ஃபயர்ஷீப் என்ற சிறு செய்நிரல், பொது இடத்துக் கம்பியில்லா இணைப்பில் அமர்ந்திருக்கும் அயலவரின் கணக்கினுட் புகுதல் எத்துணை எளிது என்பதை வெளிப்படுத்தியது. 2013இல் எட்வேட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், அரசுகள் இணையப் போக்குவரத்தைப் பெருமளவிற் கவர்ந்து வைத்தமையைக் காட்டின.

இரண்டாவதாக, விலை நம்பிக்கைக்கு ஈடாகவில்லை. 2011இல் டிஜிநோட்டார் என்னும் ஒல்லாந்து நிறுவனத்தின் கணினிகளுட் புகுந்தோர் ஐந்நூறுக்கு மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை ஆக்கினர். கூகிளின் பெயரில் ஆக்கப்பட்ட ஒன்று ஈரான் நாட்டு மக்களின் அஞ்சல்களை ஒற்றுப்பார்க்கப் பயன்பட்டது. பாதிக்கப்பட்ட இணைய முகவரிகள் ஏறத்தாழ மூன்று இலட்சம் எனக் கணிக்கப்பட்டது. நெதர்லாந்து அரசின் தளங்களுக்கே சான்றளித்த அந்நிறுவனம், உலாவிகளின் பட்டியலினின்று நீக்கப்பட்டு, அவ்வாண்டு செப்ரெம்பரில் வங்குரோத்தடைந்தது.

3. முன்னைய இரு முயற்சிகள்

இலவசச் சான்றிதழுக்கான முதல் முயற்சிகளுள் சிஏசேர்ட், ஸ்டார்ட்கொம் ஆகிய இரண்டும் ஒப்புநோக்கற்பாலன.

சிஏசேர்ட் 2003இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திற் பதிவான ஒரு சங்கம். உறுப்பினர் நேரிற் சந்தித்து ஒருவர் மற்றவரின் அடையாள அட்டையைச் சரிபார்த்துப் புள்ளி வழங்குவர். போதிய புள்ளி பெற்றவர் தம் பெயர் பொறித்த சான்றிதழ் பெறுவார். ஆளையாள் அறிந்து அளிக்கும் இச்சான்று கொள்கையளவிற் சிறப்புடையதே. ஆயின், உலாவிகள் கோரிய கணக்காய்வை நிறைவேற்றும் வளம் அச்சங்கத்திடம் இருக்கவில்லை. மொசில்லாவின் பட்டியலிற் சேர்தற்கான விண்ணப்பத்தை 2007இல் அது மீளப் பெற்றுக்கொண்டது. அதன் சான்றிதழைத் தாங்கிய தளங்களைப் பெரும்பாலான உலாவிகள் ஐயத்திற்குரியனவாகவே காட்டின. நேர்மை இருந்தது, இருக்கை கிட்டவில்லை.

இஸ்ரேலைச் சேர்ந்த ஸ்டார்ட்கொம் நிறுவனம் இதற்கு நேர்மாறானது. முக்கிய உலாவிகள் அதனை ஏற்றிருந்தன. ஓராண்டுச் சான்றிதழை அது விலையின்றி வழங்கியது. மேல்நிலைச் சேவைகளுக்குக் கட்டணம் பெற்றுத் தன் செலவை ஈடுசெய்தது. இவ்வமைப்பின் குறை 2014 ஏப்பிரலில் வெளிப்பட்டது. ஹார்ட்பிளீட் என்ற மென்பொருட் குறைபாட்டினால் எண்ணற்ற சேவையகங்களின் இரகசியத் திறவுகோல்கள் கசிந்திருக்கக்கூடும் என்பது தெரியவந்தபோது, பழைய சான்றிதழ்களை இரத்துச் செய்தல் இன்றியமையாததாயிற்று. ஸ்டார்ட்கொம் சான்றிதழை வழங்குதற்குப் பணம் பெறவில்லை. இரத்துச் செய்தற்கோ ஏறத்தாழ 25 டொலர் கோரியது. இலவசத்தை நாடி வந்தோரே அப்பணத்தைக் கொடுக்கத் தயங்குவோராதலால், பாதுகாப்பற்ற சான்றிதழ்கள் பல புழக்கத்தில் எஞ்சின.

அதன் இறுதி இன்னும் படிப்பினைக்குரியது. சீனாவின் வோசைன் நிறுவனமும் இலவசச் சான்றிதழ் வழங்கிவந்தது. பழைய எஸ்எச்ஏ-1 முறையிலான சான்றிதழ்களை 2016 முதல் வழங்கலாகாது என்ற விதியைத் தவிர்ப்பதற்காக வோசைன் பின்திகதியிட்டுச் சான்றிதழ் வழங்கியதையும், ஸ்டார்ட்கொம்மைத் தான் வாங்கியதை வெளியிடாது மறைத்ததையும் மொசில்லா 2016இல் நடத்திய விசாரணை வெளிக்கொணர்ந்தது. மொசில்லா, அப்பிள், கூகிள் ஆகியன இரு நிறுவனங்களின் புதிய சான்றிதழ்களையும் ஏற்க மறுத்தன. 2018 சனவரி முதலாந் திகதியுடன் ஸ்டார்ட்கொம் சான்றிதழ் வழங்குவதை நிறுத்தியது. இங்கு இருக்கை இருந்தது; நேர்மை குன்றியது.

4. தன்னியக்கத்தின் வருகை

இவ்விரண்டையும் ஒருங்கிணைத்தது லெற்ஸ் என்கிறிப்ற் ஆகும். மொசில்லாவைச் சேர்ந்த ஜோஷ் ஆஸ், எரிக் றெஸ்கோர்லா ஆகியோரும், இலத்திரனியல் எல்லை மன்றத்தின் பீற்றர் எக்கர்ஸ்லியும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹோல்டர்மனும் இதன் முன்னோடிகள். இதற்கென 2013இல் இணையப் பாதுகாப்பு ஆய்வுக் குழு என்ற இலாபநோக்கற்ற அமைப்பு கலிபோர்னியாவில் நிறுவப்பட்டது. 2014 நவம்பரில் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2015 செப்ரெம்பர் 14இல் முதற் சான்றிதழ் வழங்கப்பட்டது. டிசெம்பர் 3இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

சிஏசேர்ட்டைத் தடுத்த வாயிலை இது கடந்தது எங்ஙனம்? ஏற்கெனவே பட்டியலிலிருந்த ஐடென்ட்றஸ்ற் நிறுவனம் அதன் திறவுகோலுக்குக் குறுக்குக் கையொப்பம் இட்டது. தன் சொந்த வேர் உலகெங்கும் பரவும்வரை, பிறர் வேரினின்று கிளைத்து நிற்க அது வழிவகுத்தது. அன்றியும் மொசில்லா, சிஸ்கோ, அக்கமாய் முதலியோர் தொடக்கச் செலவைத் தாங்கினர். ஆதலின், லெற்ஸ் என்கிறிப்றின் வெற்றியைத் தன்னார்வலரின் ஆர்வத்தால் மட்டும் விளக்குதல் பொருந்தாது. இருக்கையின் விலையைப் பயனாளருக்குப் பதிலாகப் புரவலர் செலுத்தினர் என்பதே உண்மை.

அதன் உண்மையான புதுமை தன்னியக்கத்திலேயே உளது. அக்மி எனப்படும் நெறிமுறையின்படி, தள உரிமையாளரின் சேவையகத்திலுள்ள செய்நிரல் சான்றிதழ் வேண்டுமென நிறுவனத்திடம் கேட்கும். நிறுவனம் ஒரு சொற்றொடரைக் கொடுத்து, அதனைத் தளத்தின் குறித்த இடத்தில் வைக்குமாறோ, ஆள்களப் பெயர்ப் பதிவேட்டிற் சேர்க்குமாறோ பணிக்கும். வைத்ததைத் தானே வந்து பார்த்தபின் கையொப்பமிடும். மனிதர் தலையீடு எவ்விடத்தும் இல்லை. இந்நெறிமுறை 2019 மார்ச்சில் பொது நியமமாக ஏற்கப்பட்டது. சான்றிதழின் ஆயுள் 90 நாள் மட்டுமே என வகுத்தமையும் இதன் பாற்பட்டது. குறுகிய ஆயுள், கசிந்த திறவுகோலின் தீங்கைக் குறைக்கிறது. கையாற் புதுப்பிப்போரைச் சலிப்புறச் செய்து தன்னியக்கத்தின்பால் தள்ளுகிறது. ஹார்ட்பிளீட் காலத்தில் ஸ்டார்ட்கொம் எழுப்பிய சிக்கலுக்கு இதுவும் ஒருவகை விடையெனலாம்.

விளைவு குறித்து அந்நிறுவனமே வெளியிட்ட கணக்குகள் உள. 2017 யூனில் 11 முழுநேர ஊழியருடனும் ஆண்டுக்கு 26.1 இலட்சம் டொலர் செலவுடனும் ஏறத்தாழ 4.6 கோடி தளங்களுக்கு அது சேவையாற்றியது. நூறு கோடியாவது சான்றிதழை வழங்கிய 2020 பெப்ரவரியில் ஊழியர் 13 பேர், செலவு 33.5 இலட்சம் டொலர். தளங்கள் ஏறத்தாழ 19.2 கோடி. அதே காலத்தில் காப்புடைய இணைப்பிற் திறக்கப்பட்ட பக்கங்களின் பங்கு உலகளவில் நூற்றுக்கு 58இலிருந்து 81ஆக உயர்ந்தது. இவ்வுயர்வு முழுவதையும் இந்நிறுவனத்தின் கணக்கில் வைத்தலாகாது. 2014இல் கிளவுட்ஃபிளெயர் தன் இலவச வாடிக்கையாளருக்கும் காப்பை வழங்கியதும், 2018 யூலையிற் கூகிளின் குறோம் உலாவி காப்பற்ற தளங்களைப் பாதுகாப்பற்றவை எனக் குறிக்கத் தொடங்கியதும் உடன் எண்ணத்தக்கவை.

5. நிறுவனங்களின் ஒப்பீடு

அக்மி பொது நியமமானதால் பிறரும் அதனைக் கைக்கொண்டனர். அவர்களுள் மூவரை லெற்ஸ் என்கிறிப்றுடன் ஒப்பிடுதல் தகும்.

ஒஸ்திரியாவிற் தோன்றிய ஸீரோஎஸ்எஸ்எல், அக்மி வழியாக 90 நாட் சான்றிதழை இலவசமாக அளிப்பதோடு, கட்டணம் செலுத்துவோருக்கு நீண்ட ஆயுட் சான்றிதழையும் உதவியையும் விற்கும் வாணிப நிறுவனமாக வளர்ந்தது. 2024இல் எச்ஐடி நிறுவனத்தின் உடைமையாயிற்று. நோர்வேயின் பைபாஸ் நிறுவனம் 180 நாள் ஆயுளுடைய இலவசச் சான்றிதழை வழங்கியமையால், ஐரோப்பியச் சட்டத்தின்கீழ் இயங்கும் மாற்றிடத்தை நாடியோர் அதனை விரும்பினர். ஆயினும் இணையத்தளச் சான்றிதழ் வழங்குவதை அது 2025இல் நிறுத்தியது. கூகிளின் சான்றிதழ்ச் சேவை 2022இற் பரீட்சார்த்தமாகவும் 2023இல் யாவருக்கும் பொதுவாகவும் அக்மி வழியாகத் திறக்கப்பட்டது. அதனைப் பெறுதற்குக் கூகிளிற் கணக்கொன்று வைத்திருத்தல் வேண்டும். லெற்ஸ் என்கிறிப்றிலோ அத்தகைய முன்னுறவு வேண்டப்படவில்லை. எனினும் ஓர் ஆள்களத்திற்கு வாரத்தில் வழங்கும் சான்றிதழ்களின் தொகைக்கு அது வரம்பு விதித்தது.

இவர்கள் வழங்கிய சான்றிதழ்களின் மறைகுறி வலிமையில் வேறுபாடு இல்லை. வேறுபாடு, செலவை யார் ஏற்கின்றார் என்பதிலேயே உளது. ஒன்று புரவலரின் கொடையால் வாழ்கிறது. மற்றொன்று விற்பனைக்கு முன்மாதிரியாக இலவசத்தை வைக்கிறது. பிறிதொன்று பெருநிறுவனத்தின் பிற இலாபங்களினாற் தாங்கப்படுகிறது. கூகிளைப் பொறுத்தவரை இன்னொரு நுட்பமும் உண்டு. 2022 முதல் குறோம் உலாவி தன் சொந்த நம்பிக்கைப் பட்டியலை வைத்திருக்கத் தொடங்கியதால், பட்டியலை வகுப்போரும் பட்டியலில் அமர்வோரும் ஒரே கூரையின் கீழ் வந்தனர். பைபாஸ் விலகியமை, சிறந்த சேவையும் நிறுவனமொன்றின் முடிவால் மறையக்கூடும் என்பதை உணர்த்துகிறது. ஆயின் அதன் பயனாளர், தம் செய்நிரலில் முகவரியை மாற்றிப் பிற நிறுவனத்தை அடைதல் இயலுவதாயிற்று. ஸ்டார்ட்கொம்மை இழந்தோருக்கு அத்துணை எளிதான வழி இருக்கவில்லை. பொது நியமத்தின் அருமை இதுவே.

6. எஞ்சிய சிக்கல்கள்

இலவசச் சேவை பேரளவினதாகும்போது அதன் பிழையும் பேரளவினதாகும். 2020 பெப்ரவரி இறுதியில், லெற்ஸ் என்கிறிப்றின் மென்பொருள் ஒரு சரிபார்ப்பை முறையாகச் செய்யத் தவறியது கண்டறியப்பட்டது. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட சான்றிதழ்களை ஒரு சில நாட்களுள் இரத்துச் செய்யவேண்டுமென விதிகள் கூறின. ஏறத்தாழ 17 இலட்சம் சான்றிதழ்கள் உரிய வேளையில் இரத்தாயின. எஞ்சியவற்றை இரத்துச் செய்தால் எண்ணற்ற தளங்கள் முடங்கும் எனக் கருதி, அந்நிறுவனம் விதியை முற்றாக நிறைவேற்றாது நின்றது. அம்முடிவு தக்கதெனவே தோன்றுகின்றது. எனினும், விதியை மீறவேண்டிய அளவிற்கு ஒரே நிறுவனத்தில் உலகம் சார்ந்திருப்பது நன்றன்று என்பதையும் அது புலப்படுத்தியது.

வேர்ச் சான்றிதழ்களின் ஆயுள் பற்றிய சிக்கல் எளியோரை அணுகித் தொட்டது. ஐடென்ட்றஸ்ற்றின் பழைய வேர் 2021 செப்ரெம்பர் 30இற் காலாவதியாகவிருந்தது. 7.1.1க்கு முந்திய அன்ட்றொயிட் கைத்தொலைபேசிகள் லெற்ஸ் என்கிறிப்றின் சொந்த வேரை அறியா. அத்தகைய பழைய பதிப்புகளைக் கொண்டவை அன்ட்றொயிட் கருவிகளுள் மூன்றிலொரு பங்கு என 2020இல் அந்நிறுவனம் எடுத்துரைத்தது. புதிய கருவி வாங்க வகையற்றோரின் கைகளிலேயே அவை பெரிதும் இருந்தன. வேரின் காலாவதியை அன்ட்றொயிட் பொருட்படுத்துவதில்லை என்ற இயல்பைப் பயன்படுத்தி, மேலும் மூன்றாண்டுக்கான குறுக்குக் கையொப்பமொன்று பெறப்பட்டு, 2024 வரை அவர்களுக்கு அவகாசம் கிட்டியது. விலையில்லாத சான்றிதழும் பழைய கருவியின் வாயிலில் விலை கேட்கும் என்பதற்கு இது சான்றாகும்.

மேலும், இச்சான்றிதழ் உறுதிசெய்வது யாதென்பதை மறத்தலாகாது. ஆள்களப் பெயர் ஒருவரின் ஆட்சியில் உள்ளது என்பதையே அது கூறும். அவர் நல்லவர் என்று கூறாது. மோசடித் தளமும் அதனைப் பெறலாம். பூட்டின் உருவத்தைக் கண்டு தளத்தின் நேர்மையையே பலர் நம்பிவிடுகின்றனர் என்பதனாலேயே, 2023இல் குறோம் அவ்வுருவத்தை முகவரிப் பட்டையினின்று நீக்கியது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இலவசம் என்பது ஒரு விலை மட்டுமே. அது தனித்து எந்நிறுவனத்தையும் நிலைநிறுத்தவில்லை என்பது தெளிவாகும். சிஏசேர்ட் ஏற்பின்றி வாடியது. ஸ்டார்ட்கொம் நேர்மையின்றி வீழ்ந்தது. லெற்ஸ் என்கிறிப்ற் ஏற்பையும் வெளிப்படைத்தன்மையையும் தன்னியக்கத்தோடு இணைத்ததால் நிலைத்தது.

சான்றிதழ்களின் உச்ச ஆயுளை 200 நாள், 100 நாள் எனப் படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச்சில் 47 நாளாக்குவதென உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் 2025 ஏப்பிரலில் முடிவு செய்தன. ஆயுள் குறையக் குறையத் தளங்கள் வழங்குநரை நாடும் தடவைகள் கூடும்; வழங்குநர் தளர்ந்தால் தளங்கள் விரைந்து தளரும். ஆண்டுக்கு ஒருமுறை பணங்கொடுத்தோர் ஆண்டுக்கு ஒருமுறையே சார்ந்திருந்தனர். பணங்கொடாதோரோ நாள்தோறும் சார்ந்திருக்கின்றனர். எனவே, தள உரிமையாளர் ஒருவர் இந்நிறுவனங்களுள் எது சிறந்தது என வினவுவதிலும், அது இல்லாதொழிந்தால் அடுத்தது எது என வினவுவதே அறிவுடைமையாகும். இரண்டாவது நிறுவனமொன்றின் முகவரியைத் தம் செய்நிரலில் முன்கூட்டியே எழுதி வைத்திருத்தல் சிறு வேலையே. அவ்வேலையை இயலச் செய்தது ஒரு பொது நியமம். இலவசச் சான்றிதழ்களின் வரலாறு விட்டுச்சென்ற பேறுகளுள் விலையின்மையினும் மேலானது அதுவே.